ஒலிவாங்கியின் முன் நீங்கள் பேசாதிருந்த காலை

அன்புள்ள அண்ணை,

இன்று முற்பகல் முதலாம் கலையகத்தின் ஒலிவாங்கிகளுக்குப் புதிய பஞ்சுறைகள் மாட்டினார்கள். கழற்றிய பழையவற்றை ஒரு காகிதப் பெட்டியில் இட்டு, அப்புறப்படுத்த அனுமதி கேட்டு என் மேசைக்குக் கொண்டுவந்தார்கள். எறிய வேண்டியதை எறிவதற்கும் அனுமதி பெற வேண்டும் என்ற நடைமுறை நான் ஏற்படுத்தியது. அதைப் பற்றி நீங்கள் விட்ட பகிடிகள் இன்னும் இங்கே உலவுகின்றன. பெட்டியைத் திறந்ததும் கராம்பு வாசம் எழுந்தது. நீங்கள் போய் ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. உங்களுக்குப் பின் எத்தனையோ பேர் அந்த இருக்கையில் இருந்து பேசிவிட்டார்கள். ஆனாலும் பஞ்சு உங்களைத்தான் வைத்திருந்தது.

ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன்பு ஒரு கராம்பைக் கடைவாயில் அடக்கிக்கொள்வீர்கள். தொண்டைக்கு நல்லதா என்று ஒருமுறை கேட்டேன். "தொண்டைக்கில்லை ஐசே, பயத்துக்கு," என்றீர்கள். யாழ்ப்பாணத்தில் எத்தனையோ வீடுகள் உங்கள் குரலோடுதான் காலைத் தேநீர் குடித்தன. உங்களுக்குப் பயமா என்று நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை.

நான் இந்த வானொலியின் நிர்வாகப் பகுதிக்காரன். ஒலிவாங்கிக்கு முன் ஒருநாளும் இருந்தவனல்லன். வரவு, விடுமுறை, ஒழுக்கக் கோவை, விளக்கம் கோரல் ஆகியவையே என் உலகம். அதனால் நீங்கள் எனக்குச் 'சட்டம்பியார்' என்று பெயர் வைத்தீர்கள். அந்தக் காலத்துப் பள்ளிக்கூட வாத்தியாரைக் குறிக்கும் அந்தச் சொல்லை, பிரம்பையும் சேர்த்துக் காட்டுவது போல் கையை உயர்த்தித்தான் சொல்வீர்கள்.

"சட்டம்பியார், இண்டைக்கு நான் என்ன குற்றம் செய்தனான்?"

"செய்திக்குப் பிந்திக் கலையகத்துக்கை போனியள், அண்ணை."

"செய்தி எனக்காக நிண்டது. அதின்ரை மரியாதையைப் பாத்தீரோ!"

இப்படித்தான் எங்கள் காலைகள் தொடங்கின. உங்களைப் போல ஒரு நண்பர் எனக்கு அதற்கு முன்பும் பின்பும் இருந்ததில்லை. ஆகையால்தான், பின்னர் நடந்தவற்றை ஒழுங்காக வரிசைப்படுத்தி உங்களிடமே சொல்லிப் பார்க்க விரும்புகிறேன்.

மானிப்பாய்ப் பக்கத்துக் கோயில் ஒன்றில் தேர்த் திருவிழா. வழமை போலக் கோயில் வீதியிலிருந்தே நேரஞ்சல் செய்தோம். தேர் அசையும் காட்சியை நீங்களும் சுகந்தியும் மாறி மாறி வர்ணித்தீர்கள். சுகந்தி அப்போது எங்களிடம் சேர்ந்து அதிக காலமில்லை. உடுவில் பிள்ளை, உச்சரிப்புச் சுத்தம், செய்தியறிக்கையில் பெயர் எடுத்துக்கொண்டிருந்தவர். உடல் பருமனானவர். தவில்காரர்களுக்குப் பக்கத்தில் தன் ஒலிவாங்கியோடு நின்றார். தேர் ஒரு திருப்பத்தில் தாமதித்தது. அந்த இடைவெளியை நிரப்ப நீங்கள் சொன்னீர்கள்:

"நேயர்களே, தவில்காரர் நாலு பேர் எண்டு சொன்னனான். இஞ்சை பாத்தா அஞ்சு தவில் தெரியுது. ஓ, மன்னிக்கவேணும், அஞ்சாவது எங்கடை சுகந்தி!"

வீதியெங்கும் கட்டியிருந்த ஒலிபெருக்கிகளில் அது போயிற்று. சனம் சிரித்தது. தவில்காரர் ஒருவர், பகிடிக்கு ஒத்து ஊதுவது போல, ஒரு தட்டுத் தட்டினார். அடுத்த வாக்கியம் சுகந்தியுடையது. தேர்ச் சில்லுக்குக் கட்டை வைப்பவர்களின் வேலையை ஒரு சொல் தடுமாறாமல் அவர் வர்ணித்தார். பின்னேரத்துக்குள் அந்தத் துண்டு முகநூலில் ஏறி, கடல் கடந்தும் போய்விட்டது.

முதலாளி விடயத்தைப் பெரிதாக்க விரும்பவில்லை. "கதைக்கிறதுக்குத்தானே அவருக்குச் சம்பளம் குடுக்கிறம். கதைச்சதுக்குத் தண்டனை குடுத்தா நாளைக்கு மனிசன் என்னத்தைக் கதைப்பார்?" என்றார். ஒரு மனிதரின் நாவை அவருக்கு ஊதியம் தருபவர் எவ்வளவு தூரம் கட்டுப்படுத்தலாம் என்பது கடினமான கேள்விதான். நீங்கள் கோயில் வாசலில் யாரோடோ நின்று அதைச் சொல்லியிருந்தால் நான் தலையிட்டிருக்க மாட்டேன். அன்று சொன்னது எங்கள் அலைவரிசையில், எங்கள் பெயரின் கீழ், எங்களிடம் வேலை செய்யும் இன்னொருவரைப் பற்றி. எனவே விளக்கம் கோரினேன்.

என் அறைக்குள் வந்து கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு இருந்தீர்கள்.

"ஐசே, இதொரு பகிடி. எங்கடை ஊரிலை பட்டம் இல்லாத மனிசன் ஆர்? கொழும்புத்துறையிலை என்னைக் கொக்கர் எண்டுதான் கூப்பிட்டவை. கழுத்து நீளமாம். அதுக்காக நான் கடலுக்கை குதிச்சனானே?"

"நீங்களும் திருப்பி அவைக்குப் பட்டம் வச்சிருப்பியள்தானே?"

"வைக்காமல்? ஒருத்தனுக்குப் பறட்டை, மற்றவனுக்குப் பூசணி."

"சுகந்தி உங்களுக்குத் திருப்பி என்ன சொல்லியிருக்கலாம்?"

"ஏன், அவளின்ரை கையிலையும் ஒரு மைக் இருந்ததுதானே?"

"இருந்தது. அதிலை அவ தேரைப் பற்றிச் சொல்லவேண்டியிருந்தது, அண்ணை."

நீங்கள் யன்னலைப் பார்த்தீர்கள். பிறகு, "உம்மோடை கதைச்சு வெல்லேலாது. என்ன செய்யவேணும் எண்டு சொல்லும்," என்றீர்கள்.

எங்கள் ஒழுக்கக் கோவையில் அதற்குத் தெளிவான விதி இருந்தது. தவறு ஒலிபரப்பானால் மன்னிப்பும் ஒலிபரப்பாக வேண்டும்; அதே குரலில், அதே நேயர்களுக்கு. அடுத்த நாள் காலை நிகழ்ச்சியில் நீங்கள் மன்னிப்புக் கேட்டீர்கள். கண்ணாடிக்கு வெளியே நின்று கேட்டேன். சுகந்தி உங்கள் கூடப்பிறக்காத தங்கை என்றீர்கள். நாக்குத் தவறிய ஒரு கணத்துக்காக இரவெல்லாம் உறங்கவில்லை என்றீர்கள். குரல் உடைய வேண்டிய இடத்தில் உடைந்தது. நீங்கள் நடித்தீர்கள் என்று நான் இன்றும் சொல்லமாட்டேன். ஆனால், அத்தனை வருடம் குரலால் வாழ்ந்த ஒருவருக்கு, மனம் நொந்து பேசினாலும் அது நல்ல நிகழ்ச்சியாகவே அமைந்துவிடுகிறது.

அன்று வந்த அழைப்புகளைப் போல எந்தப் பண்டிகைக்கும் வந்ததில்லை. "அண்ணை, நீங்கள் அழாதேங்கோ," என்றார் ஓர் அம்மா. "பகிடியைப் பகிடியா எடுக்கத் தெரியாதவை ஏன் வானொலிக்கு வருகினம்?" என்று கனடாவிலிருந்து ஒருவர் கேட்டார். ஒவ்வொருவருக்கும் நீங்கள் தழுதழுத்த குரலில் நன்றி சொன்னீர்கள். மதியத்துக்குள் ஊரின் பார்வையில் நீங்கள் பாதிக்கப்பட்டவர், சுகந்தி குற்றவாளி. அவர் விடுமுறைக்கு விண்ணப்பித்தார். மாத முடிவோடு நின்றுவிடுவதாக வாய்மொழியாகவும் அறிவித்தார். அவர் தொடர்வாரா, போய்விடுவாரா என்பதே அதன் பிறகு என் முன்னால் நின்ற ஒரே கேள்வி.

உங்களை இரண்டு வாரம் இடைநிறுத்தினேன்.

"மன்னிப்புக் கேட்டதுக்கும் தண்டனையோ?" என்று கேட்டீர்கள். அன்று என்னைச் சட்டம்பியார் என்று அழைக்கவில்லை.

"கேட்டதுக்கில்லை. அந்தப் பிள்ளையை ஏசின ஒவ்வொருத்தருக்கும் நன்றி சொன்னதுக்கு."

விறுக்கென்று எழுந்து போனீர்கள். ஊழியர் ஒருவரின் இடைநிறுத்தக் காலத்தில் நிர்வாகி அவரைத் தனியே சந்திக்கக் கூடாது. நான் கொழும்புத்துறைப் பக்கம் வரவில்லை. கடைத்தெருவில் உங்கள் மனைவியைக் கண்டபோது, "வீட்டிலை ஒரு சொல் கதைக்கிறாரில்லைத் தம்பி," என்று மட்டும் சொன்னார். அந்த நாட்களில் உங்களுக்குள் என்ன நடந்தது என்பது எனக்குத் தெரியாது. நீங்களும் சொன்னதில்லை.

திரும்பி வந்த முதல் காலையிலேயே முதல் அழைப்பு.

"அண்ணை, வந்திட்டியளே! சந்தோசம். உந்தத் தவிலை இன்னும் வேலைக்கு வச்சிருக்கினமோ?" சிரிப்பு.

"அந்தப் பிள்ளைக்கு ஒரு பேர் இருக்கு," என்றீர்கள்.

"சும்மா பகிடி அண்ணை. நீங்கள் சொன்னதுதானே!"

"ஓம். நான்தான் சொன்னனான்."

நேயரின் அழைப்பை ஒருபோதும் வெட்டாதவர் என்று பெயர் எடுத்த நீங்கள் அந்த அழைப்பை வெட்டினீர்கள். கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர் பாட்டைப் போடக் கையை நீட்டினார். கண்ணாடிக்கு அப்பாலிருந்து வேண்டாம் என்று கைகாட்டினீர்கள். பிறகு ஒலிவாங்கி திறந்திருக்க, அதன் முன்னால் வெறுமனே இருந்தீர்கள். வீதிக்கு அப்பால் தேநீர்க்கடைக்காரர் தன் வானொலிப் பெட்டியை எடுத்துத் தட்டிப் பார்த்தார் என்று பிற்பாடு சொன்னார்கள். அவ்வளவு நேரம்.

ஒலிபரப்பில் மௌனம் நேர்ந்தால் காரணம் பதிவாக வேண்டும். அதையும் கேட்க வேண்டியவன் நான்தான்.

"என்னத்தை எழுத, சட்டம்பியார்? வாயை மூடிப் பழகுறன் எண்டு எழுதும்."

அந்தப் பெயரைத் திரும்பக் கேட்டதில் எனக்கு ஏற்பட்ட ஆறுதலை மறைத்துக்கொண்டேன். நீங்கள் போகவில்லை. கதவில் கையை வைத்தபடி நின்றீர்கள்.

"நான் ஒண்டு கேக்கிறன். நீர் கதைச்சீர். முதலாளி கதைச்சார். நான் ஊருக்கெல்லாம் கதைச்சன். கனடாக்காரரும் கதைச்சு முடிச்சிட்டினம். அந்தப் பிள்ளையை ஆரும் கதைக்கச் சொன்னதோ?"

முறைப்பாடு செய்தவரின் வாக்குமூலத்தைப் பெறலாம் என்று கோவை சொல்கிறது. சுகந்தி முறைப்பாடு செய்யவில்லை. நடவடிக்கையை எடுத்தது நிர்வாகம். ஆகவே அவர் பேசுவதற்கு எங்கள் நடைமுறையில் இடமே இருக்கவில்லை. நான் அதை உங்களுக்கு விளக்கினேன். "அப்ப இடத்தை உண்டாக்கும்," என்றீர்கள். "அவள் சொல்லட்டும். நான் இருந்து கேக்கிறன். ஒரு சொல் கதைக்கமாட்டன். கதைச்சா என்னை நிப்பாட்டும்." இல்லாத ஒரு விதியின்படி நான் செயற்பட்டது அதுவே முதல் தடவை.

சுகந்தி வந்து உங்களைப் பார்க்காமல் என்னைப் பார்த்து இருந்தார்.

"தேர் அண்டைக்கு அம்மா வீட்டிலை றேடியோவைப் போட்டு, அயலட்டை எல்லாரையும் கூப்பிட்டு வச்சிருந்தவ, சேர். மகள் தேர் சொல்லுறாள் எண்டு. நான் வீட்டை போகேக்கை றேடியோ இல்லை. துணியாலை சுத்தி அலுமாரிக்கு மேலை வச்சிருந்தவ. என்னட்டை ஒண்டும் கேக்கேல்லை. சாப்பிடன் எண்டு மட்டும் சொன்னவ. பஸ்ஸிலை பின்சீற்றிலை இருக்கிற பெடியள் நான் ஏறினவுடனை சீற்றிலை தாளம் போடுறாங்கள். கொண்டக்டரும் சிரிக்கிறார். அண்ணை மன்னிப்புக் கேட்ட அண்டையிலை இருந்து அது கூடிப்போச்சு. முந்தித் தெரியாத ஆக்களுக்கும் தெரிஞ்சுபோச்சு."

நீங்கள் வாயைத் திறந்தீர்கள். நான் உங்களைப் பார்த்தேன். மூடிக்கொண்டீர்கள். உங்கள் கழுத்து நரம்பு அசைந்தது மட்டும் எனக்குத் தெரிந்தது. யாழ்ப்பாணம் முழுவதையும் பேசியே வசப்படுத்திய ஒருவர் பேசாமல் இருப்பதற்குப் பட்ட பாட்டை நான் அன்று அருகிலிருந்து கண்டேன்.

எழும்பும்போது சுகந்தி சொன்னார்: "நான் வேலையை விடேல்லை, சேர். ஆனா இவரோடை ஒரே நிகழ்ச்சி எனக்கு வேண்டாம்."

தலையசைத்தீர்கள். அவர் போன பின், "அது அவளின்ரை உரிமை," என்றீர்கள்.

நீங்கள் இருவரும் பின்னர் நல்ல உறவாகிவிட்டீர்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. நடைவழியில் கண்டால் அவர் மரியாதையாக ஒதுங்கினார். நீங்கள் இன்னும் கொஞ்சம் அதிகமாக ஒதுங்கினீர்கள். அடுத்த தேரை அவர் வேறொருவரோடு வர்ணித்தார். நீங்கள் அன்று விடுமுறை எடுத்து வீட்டிலிருந்து கேட்டதாக உங்கள் மனைவி சொல்லி அறிந்தேன்.

உங்கள் மரண அறிவித்தலை வாசிக்கும் நாள் முறைப்படி சுகந்திக்கு வந்தது. மாற்றிவிடவா என்று கேட்டேன். "ஏன் சேர்? என்ரை முறைதானே," என்றார். அன்புக் கணவர், பாசமிகு தந்தை, மைத்துனர், பாட்டன் என்று நீண்ட உறவுமுறைகளில் ஒன்றையும் விடாமல், ஓசையைக் கூட்டாமல் குறைக்காமல் வாசித்தார். நீங்கள் கேட்டிருந்தால் குறை சொல்ல ஓர் இடமும் கண்டிருக்க மாட்டீர்கள்.

சென்ற மாதம் இன்னொரு விடயம் என் மேசைக்கு வந்தது, அண்ணை. எங்கள் மாலை நிகழ்ச்சியின் பெண் அறிவிப்பாளர், கலையகத்திலிருந்து முகநூலில் நேரலை செய்துகொண்டு, ஒலிக்கட்டுப்பாட்டாளர் ஒருவரின் வழுக்கைத் தலையைக் காட்டி ஏதோ சொல்லிச் சிரித்திருக்கிறார். பல்லாயிரம் பேர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். நான் அழைக்க முன்பே அவர் மன்னிப்பை எழுதிக்கொண்டு வந்தார். நல்ல தமிழ். கண்ணீர் வர வேண்டிய இடமும் சரியாக அமைந்திருந்தது.

"இண்டைக்குப் பின்னேரம் நிகழ்ச்சியிலையே வாசிக்கிறன், சேர்."

"வாசிக்க வேண்டாம், தங்கச்சி. அந்த விதியை மாத்தியாச்சு."

"அப்ப நான் என்ன செய்யிறது?"

"அந்த ஒலிக்கட்டுப்பாட்டாளரைக் கூப்பிட்டிருக்கிறன். வந்து இருப்பார். அவர் முடிக்குமட்டும் நீங்கள் ஒண்டும் கதையாதேங்கோ."

"அவர் ஒண்டும் சொல்லமாட்டார், சேர். அவர் கதைக்கிற ஆளே இல்லை."

"இருந்து பாருங்கோ."

அவர் வந்தார். இருவரையும் என் அறையில் இருத்திவிட்டுக் கதவைச் சாத்தி வெளியே நின்றேன். நெடுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய் ஏதாவது சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். உங்களை நினைத்துக்கொண்டு வாயை மூடி நின்றேன். அதன் பிறகு மெல்ல ஒரு குரல் தொடங்கிற்று. இந்தக் கட்டடத்தில் இத்தனை வருடம் மற்றவர்களின் குரலைக் கூட்டியும் குறைத்தும் கொண்டிருந்த மனிதர் அவர். அவருடைய குரல் இப்படித்தான் இருக்கும் என்று எனக்கு அன்றுவரை தெரியாது.