மேடு பள்ளத்துக்கு நீ தேர்ந்தெடுத்த வண்டி

மச்சான்,

இன்று காலை அடி அண்ணாமலை நிலத்தில் கோரையை வெட்டிவிட்டுப் புல்வெட்டும் வண்டியை நிறுத்தினேன். பச்சைப் புல்லும் பெட்ரோலும் கலந்த வாசனை எழுந்ததும் உன் ஞாபகம் வந்துவிட்டது. உன் சட்டையில் எப்போதும் அடித்த வாசனை அது.

பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிறவர்களுக்குச் சாப்பாடு போடும் நிலங்களில் புல் வெட்டிச் சுத்தம் செய்வதுதான் நாம் சேர்ந்து எடுத்த வேலை. கையில் பிடிக்கும் மெஷினோடு மல்லுக்கட்டி இடுப்பு விட்டுப்போன பிறகு, உட்கார்ந்து ஓட்டும் வண்டி வாங்கக் கிளம்பினோம். வேங்கிக்கால் பக்கம் சமமான ஒரு மைதானத்தில் கடைக்காரர் ஓட்டிக் காட்டினார். ஸ்டியரிங்கே இல்லை, இரண்டு கைப்பிடிதான். ஒன்றைத் தள்ளி ஒன்றை இழுத்தால் நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுற்றியது. நான் சொக்கிப்போனேன்.

"மாப்ள, வாயை மூடு, ஈ பூந்துடப் போவுது," என்றாய். பிறகு அவரிடம், "சார், இங்க குழந்தைகூட ஓட்டும். எங்க நிலத்துக்கு வந்து ஓட்டிக் காட்டுங்க," என்றாய்.

செருப்பில்லாமல் வருகிறவர்கள் மிதிக்கிற நிலம். அதனால் வெட்டி முடித்ததும் நாமும் வெறுங்காலோடு நடந்து பார்ப்பது வழக்கம். அவர் வண்டியைக் கொண்டுவந்து ஓட்டிக் காட்டிய அன்றும் நடந்தோம். அகலமான அந்த வண்டி மேட்டில் மண்ணைச் சுரண்டிக் கல்லைக் கிளப்பியிருந்தது. பள்ளத்திலோ புல்லைத் தொடவே இல்லை. "ஸ்ஸ்" என்று காலைத் தூக்கினாய்.

"அகலம் ஜாஸ்தி சார். கம்மி அகலத்துல, பெரிய டயர் போட்டது கொண்டாங்க."

வந்தது. மேட்டில் ஏறி, பள்ளத்தில் இறங்கி, ஒரே சீராக வெட்டியது. நமக்குள் சண்டை வந்தது இரும்பு வளைவுக்காகத்தான். வண்டி கவிழ்ந்தால் ஆளை நசுக்காமல் தாங்குவதற்காக சீட்டுக்குப் பின்னால் நிற்குமே, அது. வளைவு இல்லாத வண்டி உடனே கிடைக்கும், இருப்பது வர நாளாகும் என்றார்கள். பௌர்ணமி நெருங்குகிறதே என்று நான் குதித்தேன். மரக்கிளையில் மாட்டும் என்றும் வாதாடினேன். நீ அசையவில்லை.

"ஓட்டப் போறது நீ. உனக்கு ஒண்ணுன்னா என் தங்கச்சிக்கு நான் இன்னா பதில் சொல்றது? வரட்டும், காத்துனு இருப்போம்."

அந்தப் பௌர்ணமிக்கும் பழைய மெஷினோடுதான் மாரடித்தோம். உன்னை வாய் ஓயாமல் திட்டினேன். நீ சிரித்துக்கொண்டே வெட்டினாய்.

நீ மாரடைப்பில் போனதற்கு அடுத்த மழைக்காலம், வாய்க்கால் கரை சரிந்து வண்டி என்னோடு கவிழ்ந்தது. அந்த வளைவு மண்ணில் குத்தி, வண்டி என்மேல் விழாமல் நிறுத்தியது. சீட் பெல்ட்டை அவிழ்த்துக்கொண்டு வெளியே வந்தேன். உடம்பெல்லாம் சேறு, அவ்வளவுதான். அங்கேயே உட்கார்ந்து, மச்சான் மச்சான் என்று ஓவென அழுதேன்.

இப்போது வண்டி வாங்குகிற ஆட்கள் என்னைத் தேடி வருகிறார்கள். கரடுமுரடான நிலமா, அகலம் கம்மியாக, டயர் பெரிதாக, வளைவு கட்டாயமாக என்று பட்டென்று சொல்கிறேன். நீ விட்டுப்போன அதட்டல் என் தொண்டையில்தான் இருக்கிறது. "வளைவு வச்ச வண்டி வர லேட்டாவுமாம்," என்று போன வாரம் ஒருவர் சலித்துக்கொண்டார். நான் வாயைத் திறப்பதற்குள், காபி கொண்டுவந்த உன் தங்கை முந்திக்கொண்டாள்.

"எங்கண்ணன் காத்துனு இருந்தாருங்க. அதனாலதான் இவரு இருக்காரு."