ஒன்றரை அங்குலம்

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, தையல் மெஷின் மூவரும் நலம், மூவருக்கும் மூட்டில்தான் கொஞ்சம் சத்தம். நீ நலம் என்பது உன் மாமா வழியாகத் தெரிந்தது, அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் நேற்று கடையில் என் மானம் போன கதையைக் கேள். ஒரு கல்யாண மாப்பிள்ளை கோட்டுக்கு அளவு கொடுக்க வந்தான், கூடவே வருங்கால மாமனார். அளவு நோட்டைப் புரட்டினால் போன வருடத்தைவிட நெஞ்சு ஒரு அங்குலம் ஏறியிருக்கிறது, இடுப்பு அப்படியே நிற்கிறது. இன்னொரு தரம் டேப்பைப் போட்டேன், அதே அளவு. தம்பி, மார்பில் வீக்கம் ஏதும் உண்டா, குளிக்கும்போது கீழேயும் ஒருதரம் கைவைத்துப் பார், ஏதாவது தட்டுப்பட்டால் வெட்கப்படாமல் டாக்டரிடம் போ என்று மாமனார் எதிரிலேயே சொல்லிவிட்டேன். பையன் ஆறு மாதமாக ஜிம்முக்குப் போகிறானாம். மாமனார் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, துணியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடையைக் கட்டிவிட்டார்.

இதற்கெல்லாம் காரணம் உன் மாமா போன வாரம் உளறியதுதான். பஸ்ஸில் விசில் ஊதி டிக்கெட் கிழிக்கிறவருக்கு ரகசியம் காக்கத் தெரியும் என்று உலகத்தில் நீ ஒருவன்தான் நம்பினாய், பார்த்தாயா. மார்பு வீங்குகிறது, சட்டை போடவே கூச்சமாக இருக்கிறது என்று அவரிடம் சொல்லியிருக்கிறாய். அங்கே ஒரு டாக்டர் வெறும் கொழுப்பு, காலையில் ஓடு என்று அனுப்பிவிட, மாமா கண்டக்டர் பயிற்சி வகுப்பு என்று எங்களிடம் புளுகிவிட்டு அங்கே வந்து உன்னை வேறு டாக்டரிடம் கூட்டிப்போயிருக்கிறார். வீங்கியது மேலே, ஸ்கேன் எடுத்தது கீழே. விதையில் பட்டாணி அளவு கட்டி, அது சுரந்த ஹார்மோன்தான் மார்பை வீங்க வைத்ததாம். அறுத்து எடுத்த பிறகும் அங்கிருந்த லேப்காரர்களுக்குப் பிடிபடாமல் இன்னொரு பெரிய லேபுக்கு அனுப்பி, மூன்று வாரம் கழித்துப் பதில் வந்ததாம். புற்றுநோயிலேயே அபூர்வமான ரகம், பரவவில்லை, ஆனாலும் சில வருடம் விடாமல் பார்த்துவர வேண்டும் என்று. அத்தனையும் அவருக்குத் தெரியும். எனக்குச் சொன்னது ஹெர்னியா ஆபரேஷன் என்று. நானும் பெல்ட்டை இறுக்கிக் கட்டாதே என்று போனில் உனக்குப் புத்தி சொன்னேன், நீங்கள் இருவரும் எப்படிச் சிரிக்காமல் இருந்தீர்களோ.

எனக்கு வயிறு எரிகிறது, மறைப்பானேன். நம் வீட்டில் உட்கார்ந்து இரண்டாவது தடவை சோறு வாங்கிக்கொண்டு, "மாப்பிள்ள எங்கிட்டதான் மச்சான் மனசு விட்டுப் பேசுவான், உங்களுக்குக் கூச்சம் ஜாஸ்தி" என்கிறார். கூச்சமா, ஊரில் பாதிப் பேருக்குத் தொடையளவு எடுத்தவன் நான். உனக்கு முதல் பல் ஆடியபோது வாயைத் திறந்து காட்டியது யாரிடம், அவரிடமா. அடுத்த மாத ஸ்கேனுக்கும் அவர்தான் துணைக்கு வருவாராம், லீவு எழுதிக் கொடுத்தாயிற்றாம். யூனிபாரம் சட்டையைத் தைக்கக் கொடுத்திருக்கிறார். காஜா எடுக்கவில்லை, பட்டன் வரவில்லை என்று நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். உன் அம்மா இது சின்னப்பிள்ளைத்தனம் என்கிறாள், இருக்கட்டும்.

நீ நூறு வயது நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், எங்கள் இருவர் ஆயுளிலும் பாதி உனக்கு. பழைய ரிப்போர்ட்டுகளை ஒரே பையில் வை. ஸ்கேனுக்கு நான் வருகிறேன், மறுக்காதே, மாமா வேண்டுமானால் பின்னால் வந்து விசில் ஊதட்டும்.

ஒன்றை மட்டும் உன் மாமாவிடமும் சொல்லவில்லை, அம்மாவிடமும் சொல்லவில்லை. போனமுறை நீ வந்தபோது நீலச் சட்டை இறுக்குகிறது, பிரித்துத் தைத்துக் கொடு என்றாயே. டேப்பைப் போட்டேன், முப்பத்தெட்டாக இருந்த நெஞ்சு முப்பத்தொன்பதரை ஆகியிருந்தது. மெஸ் சாப்பாடு ஒட்டிவிட்டதடா என்று கேலி செய்தேன், நீ சட்டையை மாட்டிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாய். ஆண்பிள்ளைக்குச் சதை போட்டால் முதலில் இடுப்பில் போடும், முப்பது வருடம் டேப் பிடித்தவனுக்கு அது தெரியாதா. உன் இடுப்பு ஒரு நூல்கூட ஏறவில்லை. அதையும் நோட்டில் எழுதினேன், எழுதி மூடி வைத்தேன். நேற்று அந்த மாமனார் போன பிறகு உன் பக்கத்தை எடுத்துத் தேதியைப் பார்த்தேன். நீ மாமாவிடம் சொல்வதற்கு இருபது நாள் முன்பு. நீ முதலில் என்னிடம்தான் வந்திருக்கிறாய்.

இப்படிக்கு
உன் அப்பா