ருடோ வெட்டிய தொடக்கம்

சனிக்கிழமை

அம்மாவின் அறுபதாவது பிறந்தநாளுக்குப் பாட்டுப் போட ருடோவை அழைத்தது நான்தான். சிம்பாப்வேயின் ஹராரேயில் இசைச் சஞ்சிகை நடத்தியவள். இங்கே சிட்னியில் நான் எழுதும் சஞ்சிகையின் ஆசிரியர், சனிக்கிழமைகளில் டிஜே. என் கட்டுரைகளை ஈவிரக்கமில்லாமல் வெட்டுகிறவள்.

ஹோம்புஷ் மண்டபத்தில் அன்ரிமார் கதிரையை விட்டு எழும்பவே இல்லை.

"சாப்பாட்டைப் போட்டா எல்லாரும் வெளிக்கிட்டிடுவினம்," என்றார் அம்மா.

ருடோ இலங்கையின் ஆட்டப் பாட்டான பைலா ஒன்றைப் போட்டாள். நீண்ட தொடக்க இசையை வெட்டிவிட்டு, தாளம் விழும் இடத்திலிருந்தே போட்டாள். அது முடியுமுன் அதே தாளத்தில் தன் சிம்பாப்வேப் பாட்டொன்றை உள்ளே விட்டாள். யாரும் கவனிக்கவில்லை. அதற்குள் அன்ரிமாரோடு அம்மாவே நடுவில் நின்று ஆடிக்கொண்டிருந்தார்.

"எப்படி எழுப்பினாய்?" என்று கேட்டேன்.

"கதிரைக்குக் கீழே எல்லாருடைய கால்களும் தட்டிக்கொண்டுதான் இருந்தன. பாட்டுத்தான் தொடங்கத் தாமதித்தது," என்றாள். "உன் கட்டுரையும் மூன்றாம் பந்தியில்தான் தொடங்குகிறது."

நாள்கணக்கில் ருடோவோடு சண்டை பிடித்துக் காப்பாற்றிய முதல் இரண்டு பந்திகளையும் வீட்டுக்கு வந்து சற்றுமுன் அழித்துவிட்டேன். குசினியில் தேநீர் போட்டபடி அம்மா சிம்பாப்வேப் பாட்டை முணுமுணுக்கிறார், பைலா என்றே நினைத்துக்கொண்டு.