மீன்பெட்டி மாதிரி ஒரு வாத்தியப்பெட்டி

டொரொன்டோ

அன்பின் கௌசிகாவுக்கு,

நான் சுகம். உம்முடைய கால்வீக்கம் வற்றிவிட்டதா? பாலையூற்றில் மழை எப்படி?

துண்டு துண்டாகப் பூட்டி வாசிக்கும் சிந்தசைசர் என்ற மின்வாத்தியத்துக்கு நாங்கள் செய்யும் மரப்பெட்டி விலை கூடிப்போச்சாம். குறைக்க வழி கேட்டார் முதலாளி. “எங்கட துறைமுகத்தில மீன்பெட்டி அடிக்கிற மாதிரி மெல்லிய பலகையில ஆணி அடிச்சு விடுங்கோவன்” என்று எரிச்சலில் சொன்னேன். மனுசன் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

இப்போது பெட்டிக்குத் தச்சன் தேவையில்லை. பயப்படாதேயும், வேலை போகவில்லை. பொதி கட்டும் பகுதிக்கு மாற்றிவிட்டார்கள்.

என் உளிகளுக்குத் தேங்காயெண்ணெய் பூசி வையும். அப்படியே ஒரு படமும் எடுத்து அனுப்பும்.

லொறி வந்து நிற்கிறது. ‘தச்சர் கையால் செய்தது’ என்ற சீட்டைப் பெட்டிக்குள் வைப்பதும் இப்போது நான்தான்.

உம்முடைய,
சிந்துஜன்