பிரசுரத்தில் அழுகிற பையன்

என்னங்க,

சாப்பாடு மேசைமேல மூடி வச்சிருக்கேன். சூடு பண்ணிச் சாப்பிடுங்க.

அஞ்சு மணிக்கு அநாதை இல்லத்துக்காரர் நன்கொடை வாங்க வருவார். செக்குல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி வாயைத் திறந்து கேளுங்க. குடுக்கிறதுல பிள்ளைங்களுக்கு எவ்வளவு போகுது, ஆபீஸ் ஏசிக்கு எவ்வளவு? வரவு செலவைக் காட்டுவாரா? பிஷப்போட ஆயர் இல்லத்துல யாருக்காவது இவரைத் தெரியுமா? ஒரு மிக்ஸி வாங்க நாலு கடை ஏறி இறங்குற மனுஷன், மாதா படம் போட்ட கவர் வந்தா மட்டும் உடனே பேனாவைத் தேடுறீங்க.

இதைக் கேட்டதுக்குத்தான் நேத்து பூசை முடிஞ்சு எல்லார் முன்னாடியும் என்னை விசுவாசம் இல்லாதவள்னீங்க. இருக்கட்டும். பங்குச் சாமியாரையே கேட்டுட்டேன். "இவங்க யாருன்னே எனக்குத் தெரியாதும்மா, விசாரிச்சுக் குடுக்கிறதும் தர்மம்தான்"னார்.

பி.கு: கிளம்பும்போதுதான் கவனிச்சேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு அந்தக் கவர்ல வந்த பிரசுரத்தைப் பாருங்க. ஒரு வாரமா வீட்டுப் பீடத்துல வச்சு நீங்க கண்கலங்கி ஜெபிக்கிற அநாதைப் பையன் நம்ம சின்னவன். முதல் தடவை நற்கருணை வாங்கின புதுநன்மை அன்னைக்கு ஷூ கடிச்சு அழுதானே, அந்தப் படம். நம்ம பங்குக் கோயில் இணையப் பக்கத்துலேருந்து சுட்டிருக்காங்க.

நாலு மணிக்கு அவனை ஸ்கூல்லேருந்து நீங்கதான் கூட்டிட்டு வரணும். அடையாளம் தெரியும்ல?