எத்தனை இட்லி என்று கேட்ட அக்காவுக்கு

அக்கா,

இன்று காலை மிளகாய்க் கமறலில் இருமிக்கொண்டே எழுந்தேன். ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக அந்த நெடி வந்தால் எனக்கு எதிரே உங்கள் வீட்டுக் கதவுதான் நினைவுக்கு வரும். பாதித் தூக்கத்தில் "அக்கா, ஜன்னலத் திறங்க" என்று குரல் கொடுக்கப் போய்விட்டேன். நீங்கள் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. அடுப்பில் மிளகாய் போட்டது யார் என்று கடைசியில் சொல்கிறேன். கேட்டால் அந்த முட்டிவலியோடும் துள்ளிக் குதிப்பீர்கள்.

என் பாப்பா இரண்டாம் வகுப்பு படிக்கும்போது அது வந்தது. ஓயாமல் தண்ணீர் குடித்தாள், யூனிஃபார்ம் தொளதொளத்தது. ஆஸ்பத்திரியில் சர்க்கரை நோய் என்றார்கள். இந்த வயதிலா என்று டாக்டரிடமே சண்டைக்குப் போனேன். அவள் உடம்பில் இன்சுலின் சுரப்பதில்லை, நாம்தான் ஊசியில் கொடுக்க வேண்டும் என்று அவர் பொறுமையாகச் சொன்னார். என்ன சாப்பிடப் போகிறாள் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். விரலில் குத்தி சுகர் பார்த்து, அதற்கேற்றபடி ஊசி போட வேண்டும். அப்புறம் சொன்ன கணக்கில் சாப்பிட்டாக வேண்டும். கூடுதலாகச் சாப்பிட்டால் சுகர் ஏறும், குறைத்துச் சாப்பிட்டால் இறங்கும். இறங்குவதுதான் எனக்குக் குலைநடுக்கம்.

அதனால் அவளை வீட்டோடு வைத்துக்கொண்டேன். பிறந்தநாள் விழாக்கள் நின்றன, சிட்லபாக்கம் சித்தி வீடு நின்றது, ஞாயிறு காலை உங்கள் வீட்டு இட்லியும் நின்றது. எங்கள் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு உங்கள் வாசலையே பார்த்து நிற்பாள். பார்க்கப் பொறுக்காமல் நீங்கள்தான் வந்து கேட்டீர்கள்.

"என்னம்மா, பாப்பாவ அனுப்பறதே இல்ல? எங்க வீட்டு இட்லி கசக்குதா?"

எல்லாவற்றையும் விளக்கினேன். ஊசி என்றதும் நீங்கள் அசரவில்லை. இட்லியை எண்ண வேண்டும் என்றதும் பதறிப்போனீர்கள்.

"கொழந்த சாப்பிடறத எண்ணக் கூடாதும்மா, கண்ணு பட்டுடும். வீட்டுக்கு வந்தவங்கள எத்தன வேணும்னு கேக்கறதே தப்பு."

உங்களைச் சொல்லியும் குற்றமில்லை. போதும் என்று தட்டைக் கையால் மறைத்தாலும் விரலிடுக்கில் இன்னொன்றைத் தள்ளுகிறவர் நீங்கள். இருந்தாலும் அவள் முகத்துக்காக ஒரு ஞாயிறு அனுப்பிவைத்தேன். மூன்று இட்லி என்று சொல்லி, மூன்றுக்கு ஊசியும் போட்டேன். உங்கள் மகனோடு கேரம் ஆடும் அவசரத்தில் அவள் ஒன்றோடு எழுந்துவிட்டாள். எண்ணக் கூடாது என்று நீங்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்ததால் உங்களுக்குத் தெரியவில்லை. இரண்டாவது ஆட்டத்தில் அவளுக்கு வேர்த்துக் கொட்டியது, ஸ்டிரைக்கரைப் பிடித்த கை நடுங்கியது. உங்கள் சத்தம் கேட்டுச் சர்க்கரைத் தண்ணீரோடு ஓடிவந்து குடிக்கவைத்தேன். கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிட்டாள். "காயெல்லாம் கலைச்சுடாதீங்க, நான்தான் ஜெயிக்கப் போறேன்" என்றாள். நீங்கள்தான் தெளியவில்லை. கேரம் போர்டுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்திருந்தீர்கள்.

இனி இவள் வேறு வீட்டில் கை நனைக்கவே முடியாது என்று அன்று முடிவுகட்டினேன். உங்கள் முடிவு வேறாக இருந்தது. அந்த வாரமே எங்கள் இட்லித் தட்டை இரவல் வாங்கிப்போய், தாம்பரம் மார்க்கெட்டில் கடை கடையாக ஏறி, அதே குழி அளவில் ஒன்று வாங்கி வந்தீர்கள். "உன் வீட்டு மூணும் என் வீட்டு மூணும் ஒண்ணா இருக்கணும் இல்ல" என்றீர்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஞாயிறன்று எங்கள் குடும்பத்தையே கூப்பிட்டீர்கள். எல்லாரையும் வரிசையாக உட்காரவைத்துவிட்டுக் கரண்டியோடு நின்றீர்கள்.

"ஒவ்வொருத்தரா சொல்லுங்க. எத்தன?"

பாப்பாவை மட்டும் கேட்டால்தானே கண்ணு படும், அதனால் எல்லாரையும் எண்ணுவதாக ஏற்பாடு. கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு கேள்வியைக் கேட்டிராத உங்கள் வீட்டுக்காரர், எங்களுக்கெல்லாம் சார், முழித்தார்.

"வை, பாத்து சாப்பிடறேன்" என்றார் சார்.

"அதெல்லாம் கிடையாது. இப்பவே சொல்லணும். சொன்னத சாப்பிட்டே ஆகணும்."

வீறாப்பாக நான்கு என்றார். மூன்றாவதில் திணறிப்போனார். பாப்பா தன் கணக்கை முடித்துவிட்டு, அவர் தட்டுக்குப் பக்கத்தில் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்துகொண்டாள். "பெரியப்பா, இன்னும் ஒண்ணு இருக்கு" என்றாள். அவ்வளவு நாளும் அவளைத்தானே நாங்கள் அப்படி முறைத்துக்கொண்டிருந்தோம். அன்று அவள் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

சாப்பிட்டு முடித்ததும் எல்லாரையும் கிழக்குப் பார்த்து நிறுத்தி, உப்பும் மிளகாயும் சுற்றி, மூன்று தடவை துப்பச் சொல்லி அடுப்பில் போட்டீர்கள். "எண்ணினது எண்ணியாச்சு, கண்ணு போகட்டும்." கமறினால் கண்ணு போய்விட்டது என்பீர்கள், கமறாவிட்டால் எவ்வளவு கண்ணு பார் என்பீர்கள். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனால் எந்த ஞாயிறும் வரிசையில் நிற்காமல் வந்ததில்லை.

அதன் பிறகு நீங்கள் போன இடமெல்லாம் எத்தனைதான். பாப்பாவைக் கூட்டிப்போன கல்யாண வீடுகளில் பரிமாறுகிறவரை நிறுத்தி, பந்தி முழுக்க எத்தனை பூரி என்று கேட்கவைத்தீர்கள். திருநீர்மலைக் கோயிலுக்குப் போனால் புளியோதரையைக்கூட நம் வீட்டுக் கிண்ணத்தில்தான் அளந்து தருவீர்கள். காலனியில் அவளைக் கூப்பிடத் தயங்கிய வீடுகள் ஒவ்வொன்றாகக் கூப்பிட ஆரம்பித்தன.

உங்கள் காரியத்தன்று இலை போட்டாகிவிட்டது. அழுது வீங்கிய முகத்தோடு சார் பந்தியின் முதல் இலைக்கு வந்து குனிந்தார். "உங்களுக்கு எத்தன வடை?" என்று கேட்டார். அடுத்த இலை, அதற்கடுத்த இலை என்று கேட்டுக்கொண்டே வந்தார். வெளியூர் உறவினர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாப்பாவின் இலைக்கு வந்து அவர் குனியும் முன்பே அவளே "ரெண்டு, பெரியப்பா" என்றாள்.

அடுத்த வாரம் அவள் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போகிறாள், அக்கா. விடுதியில் யார் எண்ணுவார்கள், சுகர் இறங்கினால் யார் பார்ப்பார்கள் என்று இந்த மாதம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அறையில் கூடத் தங்கப்போகிற இரண்டு பெண்களை நேற்று வீட்டுக்கு வரவழைத்திருந்தாள். இன்று காலை இருமிக்கொண்டே சமையலறைக்குப் போனால், அந்த இரண்டும் கிழக்குப் பார்த்து நின்று கண்ணீர் வழியத் துப்பிக்கொண்டிருந்தன. மேடையில், சாரிடம் கேட்டு வாங்கி வந்த உங்கள் இட்லித் தட்டு. பாப்பா கையில் மிளகாய்.

"எண்ணிட்டோம்மா, அதான்" என்றாள். "உனக்கு மூணு வச்சிருக்கேன். வந்து நில்லு."

"அங்க அடுப்பு இருக்காதேடி, மிளகாய எங்க போடுவே?"

"எண்றதுக்கு ரெண்டு பேர் இருக்காங்கல்ல. மிளகாய நீ இங்க போடு."

சரி என்று நின்றேன். நன்றாகவே கமறியது.

இனி ஞாயிறுகளில் நான்தான் போடுவேன். சாரையும் கூப்பிடுவேன். எத்தனை என்று முதலிலேயே கேட்பேன். நான்கு என்பார், மூன்றில் திணறுவார். அந்த நான்காவதை நான் விடப்போவதில்லை, அக்கா.