வெயிலில் ஊதிய மழைக்கொம்பு

என் உயிர் மாப்பிள்ளை முத்துக்கருப்பா,

தங்கச்சி புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிடாதே என்று அம்மா திட்டுவாள். நீ எனக்கு மாப்பிள்ளை ஆவதற்கு முன்பே கூட்டாளி. மன்னாரிலிருந்து காட்டுவழியாக ஒரே போர்வையில் நடந்து வந்தவர்கள் நாம். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

நீ போய் ஆறு வருஷம் ஆகிறது. கம்பளைக்கு மேலே நாம் நட்ட கோப்பி இப்போது இல்லை. இலையில் மஞ்சள் தூள் பூத்து மலை மலையாகச் செத்துவிட்டது. பிடுங்கி எரித்துவிட்டுத் தேயிலை நடுகிறார்கள். நீ பார்க்காத உன் மகள் ஓடையில் இறங்கி நண்டு பிடிக்கிறாள். உன்னைப் போலவே யார் பேச்சையும் கேட்பதில்லை.

தங்கச்சி வள்ளியம்மையின் பாடுதான் சொல்லும்படியாக இல்லை. மலைத்தண்ணீர் விழும் பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனால் மற்றப் பெண்கள் விலகி நிற்கிறார்கள். "ஒம் புருசன் கூட்டிட்டுப் போயித்தானே எங்க வீட்டு ஆளுக ஸ்டோருக்குள்ள செத்தாங்க?" என்று ராக்கம்மா முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டாள். இரண்டு பிள்ளைகளை அங்கே பறிகொடுத்தவள். அவளை நான் எந்த வாயால் குறை சொல்ல?

கோப்பிக் களத்தில் மழைக்கொம்பு என் கையில் இருந்தது உனக்குத் தெரியும். அம்புலுவாவை மலைப் பக்கம் இடி உறுமினால் நான் ஊத வேண்டும். ஊதினால், களத்தில் காயும் கோப்பியை வாரிக்கொண்டு எல்லோரும் கோப்பி சேர்த்து வைக்கும் ஸ்டோருக்குள் ஓட வேண்டும். யாரும் வானத்தைப் பார்ப்பதில்லை, கொம்பைத்தான் கேட்பார்கள். நீ போன நாளுக்கு முந்தின வாரம் நான் ஊதத் தாமதித்துக் கோப்பி நனைந்துபோயிற்று. துரையின் பிரம்பு விழுந்த என் முதுகுக்கு எண்ணெய் தடவியது நீதான்.

அன்றைக்கு நடுப்பகல், சுள்ளென்று வெயில். மலைக்குள்ளிருந்து உறுமல் கேட்டது. இடி என்று நினைத்து ஊதினேன். அதுவரை நடந்தது தெரியாமல் செய்த தப்பு. கூடைகளோடு எல்லோரும் ஓடினார்கள். நீ மட்டும் காலை அகட்டி நின்று தரையைப் பார்த்தாய்.

"மச்சான், மழையில்ல! நெலம் ஆடுது! ஊதாத! எல்லாரையும் வெளிய வரச் சொல்லு!"

நீ சொன்னது ஒவ்வொரு சொல்லும் எனக்குக் கேட்டது. ஆனால் வராந்தாவில் துரை நின்றுகொண்டிருந்தார். அவர் கண் என் மேல் இருந்தது. நான் மறுபடியும் ஊதினேன்.

வாசல்வரை வந்துவிட்ட ராக்கம்மாவின் பிள்ளைகள் இரண்டும் கொம்பைக் கேட்டுத் திரும்பி உள்ளே போயின. அவர்களை இழுத்து வரத்தான் நீயும் கையை வீசிக்கொண்டு ஓடினாய். பூமி இன்னொரு தடவை குலுங்கியது. ஈரக் கோப்பி ஏற்றியிருந்த ஸ்டோரின் மேல்தட்டு அப்படியே இறங்கிவிட்டது. வெட்டவெளியில் நின்ற எனக்கு ஒரு கீறல்கூட இல்லை.

நீ ஓடியதைத் தூரத்தில் கோப்பி பறித்துக்கொண்டிருந்தவர்கள் பார்த்தார்கள். நீதான் எல்லோரையும் உள்ளே கூட்டிப்போனாய் என்று பேச்சுக் கிளம்பியது. கொம்பு ஊதியவனை யாரும் கேட்கவில்லை. இடி என்று நினைத்தான், பாவம் என்றார்கள். நானும் பாவமாகவே இருந்துகொண்டேன்.

தோட்டத்தில் வேலை மேற்பார்க்கும் நம் யாழ்ப்பாணத்துக் கண்டக்டர் ஐயா புத்தகம் வாசிக்கிறவர் அல்லவா? உலகத்தில் வேறெங்காவது இப்படி நடந்ததா என்று அவரிடம் கேட்டேன். இந்தியாவில் வடமேற்கே கச்சுப் பக்கம் பூமி ஆடி ஒரு கோட்டையே தண்ணீருக்குள் அமிழ்ந்ததாம். கதிரை, அலுமாரி என்ற பேச்சை நமக்குத் தந்த போர்த்துக்கீசப் பறங்கியின் லிஸ்பன் பட்டணம் ஒரு காலையில் விழுந்ததாம். "ஓம், அண்டைக்குத் திருநாள். கோயில் நிறையச் சனம், கூரை விழுந்து செத்தது. தப்பிக் கடற்கரைக்கு ஓடின சனத்தைக் கடல் கொண்டு போட்டுது" என்றார்.

"அந்தச் சனத்தைக் கோயிலுக்குக் கூப்பிட்டு மணியடிச்சவன் என்னங்க ஆனான்?" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "அதை ஆரும் எழுதி வைக்கேல்லை" என்றார்.

அவன் பிழைத்திருந்தால் எப்படிச் சோறு தின்றிருப்பான், மாப்பிள்ளை? அவனுக்காவது யாரும் அடிக்காதே என்று சொல்லவில்லை.

ஒவ்வொரு திவசத்துக்கும் உனக்குப் படையல் போட்டுவிட்டு வள்ளியம்மை என்னைக் கேட்கிறாள். "அண்ணே, அவரு கடேசியா ஏதாச்சும் சொன்னாராண்ணே?" "ஒண்ணும் சொல்லலம்மா" என்று வருஷத்துக்கு ஒரு தடவை நான் உன்னைக் கொன்றுகொண்டிருக்கிறேன். போன வாரம் உன் மகள் பீலியிலிருந்து அழுதுகொண்டு வந்தாள். "எங்கப்பா கெட்டவராம்மா?" என்று கேட்டாள். வள்ளியம்மை என்னைப் பார்த்தாள். எனக்கு அங்கே உட்காரவே முடியவில்லை.

கொம்பு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. நாளைக்கு உன் திவசம். விடிந்ததும், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்று ஊதுவேன். பழகின சத்தம், எல்லோரும் ஓடி வருவார்கள். ராக்கம்மாவும் வருவாள். அவர்கள் முன்னால் இந்தக் காகிதத்தை ஒரு சொல் விடாமல் வாசிப்பேன். இது உன் மேல் சத்தியம். அவர்கள் அடித்தால் அடிக்கட்டும், நான் கையைத் தூக்கமாட்டேன்.

வள்ளியம்மைக்கு உன் கடைசிப் பேச்சு கிடைத்துவிடும். அதைக் கேட்ட பிறகு அவள் என்னை அண்ணன் என்று கூப்பிடுவாளா? தெரியவில்லை. ஆனால் நாளை முதல் உன் மகள் பீலியில் தலைநிமிர்ந்து தண்ணீர் பிடிப்பாள்.

நாளைக் காலைவரைக்குமாவது உன் மச்சான்,
வீரையா